பை டூ காபி

இரண்டு டம்ளர் வந்தது.

சாலைக்கு எதிர்ப்பக்கம், பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த அவனுக்கு வயிறு எரிந்தது.

ஒன்று அவளுக்கு. இன்னொன்று யாருக்கு?

மனைவியின் பின்னாலேயே வந்து வேவு பார்க்கிற ஆள் இல்லை அவன். நேற்றுவரை இல்லை.

வீட்டுக் கடன் வாங்கிய அன்று அவன்தான் விதி போட்டான். ஆளுக்கு மாதம் முந்நூறு ரூபாய் சொந்தச் செலவுக்கு. எதற்கு என்று மற்றவர் கேட்கக் கூடாது. தன் பங்கை அவன் தொட்டதே இல்லை. அதையும் கடனுக்குத்தான் கட்டினான். சிக்கனத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவள் சனிக்கிழமைதோறும் நான்கு மணிக்குக் கிளம்புவாள். ஐந்தரைக்குத் திரும்புவாள். கையில் ஒரு பொட்டலம் இருக்காது. முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும்.

இரவுச் சாப்பாடு வரைக்கும் தாங்கும் அந்தச் சிரிப்பு.

யார் கொடுத்தது என்று கேட்க முடியாது. விதி அவனுடையது.

சின்னக் கடை. மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு, எதிரே, வெயில் விழுகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் மாட்டியிருந்த விலைப்பலகை அவள் பார்வைக்கு நேராக இருந்தது. வருகிறவனுக்கு நல்ல இடம். அவ்வளவு மரியாதை.

அவன் சாலையைக் கடந்து கடை வாசலில் ஒதுங்கி நின்றான்.

டம்ளர்களில் பாதிப் பாதிதான் இருந்தது. பை டூ. ஒரே காபி, இரண்டு பேருக்கு.

கல்யாணத்துக்கு முன்னால் அவன் தினமும் சொன்ன வார்த்தை. ஏழு வருடமாகச் சொல்லவில்லை.

அவள் சர்க்கரைக் கிண்ணத்தை இழுத்தாள். அவள் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. எதிர் டம்ளரில் ஒரு ஸ்பூன் போட்டாள்.

இரண்டு.

மூன்று.

காபியில் மூன்று ஸ்பூன் போடுகிற கிறுக்கன் ஒருவனைத்தான் அவனுக்குத் தெரியும்.

அவனேதான். அப்போது வேலை இல்லை, பையில் காசு இல்லை. அரை டம்ளர் காபியை வைத்துக்கொண்டு அவளை ஒரு மணி நேரம் சிரிக்க வைத்தவன்.

வாராவாரம் அவள் பார்க்க வருவது அந்தப் பயலைத்தான்.

பொறாமை குறையவில்லை. கூடியது.

தன் காபியை முடித்துவிட்டு, அவள் எதிர் டம்ளருக்குக் கை நீட்டினாள். அவன் உள்ளே போய்க் காலி நாற்காலியில் உட்கார்ந்தான்.

நீட்டிய கையாலேயே அவள் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ஆறிப்போச்சு. பரவால்லயா?"

பழக்கதோஷம். அவன் தலை நிமிர்ந்து விலையைத் தேடினான்.

பலகை அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

எதிரே அவள் முகம் மட்டும்தான் இருந்தது.