நெடும்பாதையில் ஐந்து நாள்

"முதல் நாளே பதினெட்டு கிலோமீட்டர் மலையேத்தம். உனக்கு முட்டி வலிக்கும்," என்றான் கணவன், வரைபடத்தை மேசையில் விரித்தபடி.

"என் முட்டியை நான் பாத்துக்கறேன். நீங்க போன தடவை மாதிரி அடுப்பை மறந்துடாதீங்க," என்றாள் மனைவி.

"சரி. கூடாரத்தை நானே சுமக்கறேன்."

"நாலாம் நாள் வழியில தண்ணி கிடையாது. ஆளுக்கு நாலு லிட்டர் தூக்கணும்."

எதிரே உட்கார்ந்திருந்த வக்கீல் பேனாவை மூடினார்.

"ஒரே கூரைக்குக் கீழ இருக்க முடியாதுன்னுதானே ரெண்டு பேரும் விவாகரத்துக்கு வந்தீங்க? போன வருஷமும் இப்படித்தான் கையெழுத்துப் போடாம போனீங்க. மனுவை எப்பதான் தாக்கல் பண்றது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்த நெடும்பாதை முழுசும் நடந்து முடியட்டும் சார்," என்றாள் அவள். "வருஷத்துக்கு ஒரு பகுதி நடக்கறோம். இன்னும் பத்தொன்பதுதான் பாக்கி."