அழுத்துங்க, பேசுவோம்

"சொல்லுங்க ஐயா, இன்னிக்கு என்ன?"

ஹெட்போனைச் சரிசெய்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள் சிட்டு. கால் சென்டரில் அவளுக்கு அதுதான் பெயர்.

"மூக்குக்கண்ணாடியைக் காணோம்மா."

"நெத்தியில பாருங்க."

"அட, ஆமா! உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நேத்தும் அங்கதானே இருந்துச்சு!"

மறுமுனையில் வெடிச் சிரிப்பு. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தனிக்கட்டை.

அவர் பேசியது, தனியாக வசிக்கும் பெரியவர்களுக்காக ஒரு வெளிநாட்டு டெலிபோன் கம்பெனி இலவசமாகக் கொடுத்த கருவியில். கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். தடுக்கி விழுந்தால் தானே கண்டுபிடித்து இந்தக் கால் சென்டரைக் கூப்பிடும். மனசு சரியில்லையென்றாலும் பட்டனை அழுத்திப் பேசலாம்.

இந்த மனுஷன் எதற்கெடுத்தாலும் அழுத்தினார். ஊதாச் சட்டை போடவா, பச்சைச் சட்டை போடவா? பூனைக்கு விக்கல் வந்தால் என்ன செய்யணும்?

"வீட்ல பூனை வளர்க்கறீங்களா?"

"இல்லம்மா. வந்தப்புறம் கேட்டுக்கிட்டிருக்க முடியுமா?"

பக்கத்து சீட்டுக்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிட்டுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயா, நிஜமாவே கஷ்டப்படுறவங்களுக்குன்னு கொடுத்தது இது. உங்களுக்குப் பொழுதுபோக நான்தானா கிடைச்சேன்?"

அவர் "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் தடதடவென்று ஓடிவந்தார். காற்றில் பறந்த டை தோள்மேல் கிடந்தது.

"தப்பிச்சோம்! யாருமே கூப்பிடறதில்லைன்னு நம்ம பிரிவையே இழுத்து மூடறதா இருந்தாங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன். இந்த மாசம் அழைப்பு எகிறிப்போச்சாம். மூடப்போறதில்லைன்னு தலைமை ஆபீஸ்ல சொல்லிட்டாங்க!"

ஒரே கைதட்டல். ஒருத்தி சுழல் நாற்காலியில் கிறுகிறுவென்று சுற்றினாள்.

சிட்டுவுக்குச் சுருக்கென்றது. டிரைவரைக் கூப்பிட்டாள்.

"மன்னிச்சிடுங்க ஐயா. உங்களாலதான் எங்க எல்லார் வேலையும் பிழைச்சுது. அது உங்களுக்கே தெரியாது!"

"தெரியாமலா? கருவிக்குப் பேட்டரி மாத்த வந்த உங்க கம்பெனி அம்மா, பிரிவை மூடப்போறாங்கன்னு போன மாசமே சொல்லிட்டாங்களே! அதான் எங்க குடியிருப்புல இந்தக் கருவி வச்சிருக்கிற பெரியவங்க மொத்தமும் முறை வச்சு அழுத்தறோம். என் முறை முடிஞ்சுது. அடுத்து மூணாம் மாடி டீச்சர், எலி பயம்னு அலறுவாங்க. அவங்களுக்கு நடிப்பே வராதும்மா... சிரிச்சுத் தொலைச்சிடாதே!"