கொக்கு வக்கீலின் விரதம்

சாயப்பட்டறை ஓடி நின்றுபோன நிலம் ஒன்றைப் பெருச்சாளி ஒரு முயலின் தலையில் கட்டப் பார்த்தது. முயலுக்கு நிறைமாதம், குட்டி போட வளை தேடி அலைந்துகொண்டிருந்தது.

பெருச்சாளிக்கு வக்கீல் கொக்கு.

"உள்ளே சாயம் ஊறியிருக்குமோ? தோண்டிப் பார்த்துடட்டுமா?" என்று பெருச்சாளி கேட்டது.

"தோண்டினா தெரிஞ்சுடும். தெரிஞ்சா எழுதியாகணும். பேசாம இருங்க."

கொக்கு ஒற்றைக் காலில் நின்று யோசித்து, பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தது: 'பார்த்தவரை விஷம் எதுவும் இல்லை.' அந்தப் 'பார்த்தவரை'யில் அதற்குக் கொஞ்சம் பெருமைகூட.

வரியை வாசிக்கச் சொல்லிக் கேட்ட முயல், பத்திரத்தில் ரேகை வைக்க, மையில் தோய்த்த காலைத் தூக்கியது. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "காலையிலேருந்து பட்டினியா நிக்கிறீங்களே வக்கீலய்யா! இந்த நிலத்துக் குட்டையிலேயே ரெண்டு மீன் பிடிச்சுச் சாப்பிடுங்க. அப்புறம் வைக்கிறேன்," என்றது.

கொக்கு குட்டையைப் பார்த்தது. கொழுத்த கெண்டைகள் துள்ளிக்கொண்டிருந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டது.

"இன்னைக்கு எனக்கு விரதம்மா."

முயல் தூக்கிய காலைப் புல்லில் துடைத்துக்கொண்டது.

"அதனாலென்ன? விரதம் முடிச்சு, இங்கே சாப்பிட்ட அன்னைக்குச் சொல்லியனுப்புங்க. வந்து வைக்கிறேன்."