பூரணிக்குப் பதிலாக

“உன்ர பேர் என்ன?” கார் பாலத்தில் ஏறியதும் யோகேந்திரன் மறுபடியும் கேட்டார்.

“பூரணி.”

“சிரிக்காமல் சொல்லு.”

“பூரணி,” என்றாள் பின் இருக்கையில் இருந்த எட்டு வயது மகள். சிரிப்பை அடக்கியதில் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

யோகேந்திரனுக்கும் சிரிப்பு வந்தது. இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்ல இவள் எப்போது பழகினாள் என்று வியந்தபடி ஆற்றுக்கு அக்கரையில் இருந்த லொங்குய்ய் நகரத்துப் பக்கம் காரை இறக்கினார்.

ஆரணி, பூரணி என்று அவருக்கு இரட்டைப் பெண்கள். இரண்டும் ஒரே அச்சு. தாய் தாட்சாயினி முதுகைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். தகப்பனுக்குத் தலையில் போடும் பாண்ட்தான் அடையாளம். நீலம் என்றால் ஆரணி, சிவப்பு என்றால் பூரணி.

ஆரணி வகுப்பில் முதல் பிள்ளை. பூரணிக்கோ ஒரு வரி வாசித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிடும். அவளை ஒரு உளவியலாளரிடம் காட்டி, படிப்பில் எங்கே இடறுகிறாள் என்று சோதித்துப் பார்க்கும்படி பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். தாட்சாயினி மாதக்கணக்கில் காத்திருந்து இந்தச் சனிக்கிழமைக்கு இடம் எடுத்தாள். கடைசியில் அவளுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. பிள்ளையைக் கூட்டிப்போகும் பொறுப்பு யோகேந்திரனிடம் வந்தது. கூடவே அவருக்கு ஒரு யோசனையும் வந்தது.

பெண்பிள்ளைக்கு மூளையில் ஏதோ குறை என்று ஒருதரம் பெயர் வந்துவிட்டால் பிறகு போகாது. கோயிலில், பிறந்தநாள் கொண்டாட்டத்தில், எங்கே போனாலும் அதுதான் கதை. பூரணிக்குப் பதிலாக ஆரணி போய்ச் சோதனை செய்தால் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும் அல்லவா? முதல்நாளே ஆரணியைத் தனியே கூப்பிட்டுத் திட்டத்தைச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

காலையில் தாட்சாயினி வேலைக்குப் போனதும், “ஆரணி, வா” என்றார். நீல பாண்ட் ஓடி வந்தது. அதைக் கழற்றிச் சிவப்பு பாண்டை மாட்டி, பூரணியின் பெயர் தைத்த கோட்டையும் போட்டுவிட்டார். மற்றவளை மேல்மாடி றோசாவின் வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டார்.

உளவியலாளரின் பெயர் செலீன். இளம் பெண். அவள் வந்து கூப்பிடும்வரை இருவரும் வரவேற்பறையில் காத்திருந்தார்கள். மகள் கோட் பையின் ஓட்டைக்குள் விரலை விட்டு, உள்துணிக்குள் விழுந்து கிடந்த சுவிங்கத்தைப் பார்க்காமலே எடுத்து வாயில் போட்டாள்.

“வடிவாச் செய், என்ன?” என்றார் யோகேந்திரன்.

“ஓம் அப்பா. எனக்கு வர விருப்பம்தான்.”

கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. விளையாட்டுக் கட்டைகள் சரிந்து விழுந்தன, திரும்பவும் சிரிப்பு. யோகேந்திரன் ஒரு கோப்பியை எடுத்துக்கொண்டு, கால்மேல் கால் போட்டு, பாட்டொன்றை முணுமுணுத்தார். தாட்சாயினி தொலைபேசியில் வந்தாள்.

“பிள்ளை என்ன செய்யிறாள்? பாவம், அழுதவளே?”

“அழுகையோ? உள்ள ஒரே சிரிப்பு. நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்.”

இடைவேளைக்கு வெளியே வந்த மகளின் முகம் சிவந்திருந்தது.

“எப்பிடிப் போகுது?”

“நல்ல பம்பல், அப்பா. ஒரே விளையாட்டு,” என்றவள் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பவும் உள்ளே ஓடினாள்.

எல்லாம் முடிந்து செலீன் அவரையும் உள்ளே கூப்பிட்டபோது மதியம் தாண்டியிருந்தது. மகள் சில்லு வைத்த நாற்காலியில் இருந்து இடமும் வலமுமாகச் சுழன்றுகொண்டிருந்தாள்.

“முழு அறிக்கை பிறகு வரும்,” என்றாள் செலீன் பிரெஞ்சில். “ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் பெரிய கெட்டிக்காரி. அவள் யோசிக்கிற விதத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம்.”

நாற்காலி சட்டென்று நின்றது. “அப்பா, கேட்டனீங்களோ? நான் கெட்டிக்காரியாம்.” இதைப் போலொரு செய்தி உலகத்திலேயே இல்லை என்பதுபோல அவள் சொன்னாள்.

யோகேந்திரன் பெருமையாகத் தலையை ஆட்டினார். திட்டம் பலித்துவிட்டது.

“வாசிப்பில் மட்டும்தான் தடங்கல்,” செலீன் தொடர்ந்தாள். “டிஸ்லெக்சியா என்றுதான் நினைக்கிறேன். அவள் சோம்பேறி இல்லை. இவ்வளவு காலமும் மற்றப் பிள்ளைகளைவிட எத்தனையோ மடங்கு பாடுபட்டிருக்கிறாள். அவளுக்கு ஏற்ற முறையில் சொல்லிக்கொடுத்தால் நன்றாக வாசிப்பாள்.”

யோகேந்திரனின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவர் எழுந்தார், இருந்தார், திரும்பவும் எழுந்தார். வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளைக்கு வாசிக்க வராதா? இது என்ன கூத்து?

இனி மறைக்க முடியாது. அவருக்குத் தெரிந்த பிரெஞ்சும் அந்த நேரம் பார்த்துக் காலை வாரியது. “மேடம், மன்னிக்கவேண்டும். பிழை என்னுடையது. நான் உங்களை ஏமாற்றிவிட்டேன். இவள் பூரணி இல்லை, ஆரணி. இரட்டைப் பிள்ளைகள். இவளுக்கு வாசிப்பு தண்ணீர் பட்ட பாடு. வீட்டில் இவள் வாசித்து முடிக்காத புத்தகமே இல்லை.”

செலீன் அவரைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் தகப்பனின் சட்டை நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

“ஆரணி றோசா அன்ரி வீட்டில நிக்கிறா, அப்பா.”