பச்சைக் கூண்டு, மஞ்சள் கூண்டு

"பச்சைக் கூண்டு எப்படி இருக்கு அண்ணே?"

"மஞ்சள் மாதிரியேதான் இருக்கு டாக்டரம்மா. நாலு சுருண்டு கிடக்கு, மத்ததெல்லாம் ஓடியாடுது."

ஆராய்ச்சி மாணவி சுவரில் சாய்ந்துகொண்டாள். இந்த ஆய்வோடு மூன்று வருட அலைச்சல்.

"டாக்டரம்மான்னு கூப்பிடாதீங்க. இந்தப் போக்குல அந்தப் பட்டம் எனக்கில்ல."

"அது எங்க போயிடும்?" என்றபடி அவர் தண்ணீர்ப் புட்டிகளை மாற்றினார். எலிக்கூடத்தைப் பராமரிப்பவர். ஆய்வகமே அவரை எலியப்பா என்றுதான் சொல்லும். பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள் லீவு போட்டதில்லை.

அவளுடைய கணிப்பு இதுதான்: தீனியில் துத்தநாகம் அளவுக்கு மிஞ்சினால், குடலைத் தாக்கும் கிருமிக்குக் கொண்டாட்டம். பச்சைக் கூண்டு எலிகளுக்குத் துத்தநாகம் கூட்டிய தீனி. மஞ்சளுக்குச் சாதாரணத் தீனி. எட்டு வாரம் கழித்து இரண்டுக்கும் ஒரே கிருமி. பச்சை படுத்துவிட வேண்டும், மஞ்சள் தேறிவிட வேண்டும். இதோடு மூன்றாவது முறை. மூன்று முறையும் இரண்டு கூண்டும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒன்றாகவே விழுந்து, ஒன்றாகவே எழுந்தன.

போன் அடித்தது. பேராசிரியர். முடிவைச் சொன்னாள்.

"கிருமி செத்துக்கித்துப் போச்சா?"

"நல்லா இருக்கு சார். என்னைவிடத் தெம்பா இருக்கு."

"தீனி?"

"ரெண்டு மூட்டையிலேர்ந்தும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன் சார். துத்தநாகம் சொன்ன அளவுக்குச் சரியா இருக்கு."

"தினமும் போடுறது யாரு?"

"எலியப்பாதான். ஒரு கிராம்கூடக் கூட்டிக் குறைச்சுப் போட மாட்டாரு."

மறுமுனையில் பெருமூச்சு. "அப்ப உன் கணிப்புதான் தப்பும்மா. எழுதி அனுப்பு, இதை மூடிடலாம். வேற தலைப்பு எடுத்து முதல்லேர்ந்து ஆரம்பி."

முதலிலிருந்து. 'எப்ப முடியும்' என்று கேட்பதை வீட்டில் நிறுத்தியே ஒரு வருடம் ஆகிறது. கோபம்கூட வரவில்லை அவளுக்கு. அதற்கும் தெம்பு வேண்டுமே.

நின்றபடியே போனில் தட்டினாள்: 'துத்தநாகத்துக்கும் தொற்றுக்கும் தொடர்பு தென்படவில்லை. பிழை என் கணிப்பில்.' அனுப்பியும் விட்டாள்.

எலியப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உட்காரும்மா. ஏன் முகம் இப்படி வாடிக் கிடக்கு?"

"பச்சையும் மஞ்சளும் ஒரே மாதிரி இருந்துடுச்சே அண்ணே. அதான்."

"அட, அதுக்குப் போய் யாராவது வருத்தப்படுவாங்களா?" அவர் முகத்தில் மெல்ல ஒரு பெருமை படர்ந்தது. "சின்ன வயசுல எங்க வீட்ல அண்ணனுக்கு ஒரு சாப்பாடு, எனக்கு ஒரு சாப்பாடு. அவன் தட்டை எட்டி எட்டிப் பார்த்தே வளர்ந்தவன் நான். வாயில்லா ஜீவனுங்களுக்கு அந்தக் குறை வேணாம்னு, முதல் நாள்லேர்ந்தே ரெண்டு மூட்டையையும் பாதிக்குப் பாதி கலந்துதான் போட்டுட்டு வரேன்."