மாமாவுக்கு எழுதிய அடுப்பு

“தப்பா நினைக்காதீங்க. இந்த அடுப்பு நகல்” என்றார் திபோ, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தபடி.

பழம்பொருள்களுக்கு விலை சொல்வது அவர் தொழில். வீடு வீடாகப் போய் இதையே சொல்லிச் சொல்லி அலுத்துப்போன குரல்.

வெண்டல் மாமா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஏப்ரல் மாதச் சேற்றில் பாஸ்டனிலிருந்து வெர்மான்ட் வரை கார் ஓட்டி வந்த கடுப்பு வேறு.

“நகலா? ‘ட்ராய், 1853’ன்னு வார்த்த ஊரும் வருஷமும் கொட்டை எழுத்துல இருக்கே?”

“அசல் அடுப்பையே அச்சா வெச்சு வார்த்தா, எழுத்தும் சேர்ந்துதான் வரும் சார். ஆனா இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால நகல் கொஞ்சம் சின்னதாத்தான் இருக்கும். கீழ பாருங்க.”

அடுப்புக்கு அடியில் விரித்திருந்த தகட்டில் நான்கு பழைய பள்ளங்கள். அடுப்பின் கால்கள் நான்கும் அவற்றுக்குச் சற்று உள்ளே தள்ளி நின்றன.

“அசல் இங்கதான் ரொம்பக் காலம் நின்னிருக்கு. அப்புறம் யாரோ மாத்திட்டாங்க.”

“அசலா இருந்தா என்ன போகும்?”

“நாலாயிரம் டாலர் தாராளமா. இதை எடைக்குப் போட்டா ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும்.”

மாமா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

தாத்தா போகும்போது வீட்டை அம்மாவுக்கும், முன்னறையில் இருந்த இந்தக் கணப்படுப்பை மாமாவுக்கும் எழுதிவைத்திருந்தார். படுக்கையில் கிடந்தவரைக் கடைசிவரை துடைத்துக் கழுவியது அம்மா. அவளுக்கு வீடு போவதில் என்ன அநியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாமாவுக்கு மட்டும் நன்றாக விளங்கியிருந்தது.

“வீடு உனக்கு, அடுப்பு எனக்கு. சரி போகட்டும்னு விட்டேன். அதையும் வித்துத் தின்னுட்டியா, லோர்னா?”

அம்மா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“மாமா, அளந்து பேசுங்க” என்றேன். “வக்கீலா இருந்துக்கிட்டு விசாரிக்காமலே தீர்ப்பு சொல்றீங்களே?”

“விவாதமெல்லாம் உன் பல்கலைக்கழகத்தோட நிறுத்திக்க, டெஸ். இது நிஜ வழக்கு.”

“நிஜ வழக்குன்னா எதிர்த்தரப்பும் பேசணும்ல?”

“பேசச் சொல்லேன். யாரு தடுத்தா?”

“அம்மா, சொல்லும்மா.”

“விடு டெஸ். எனக்கு முடியல.”

அம்மாவின் இந்த ‘விடு’ இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் விட்டு விட்டுத்தான் இவர்கள் இப்படிப் பேசுகிறார்கள்.

மாமா திபோவின் பக்கம் திரும்பினார்.

“இந்த நகல் எந்தக் காலத்துது?”

“எண்பதுகளோட ஆரம்பம். குளிர்காய எரிக்கிற எண்ணெய் விலை ஏறி, ஊரே விறகுக்குத் திரும்பின நேரம். அசலுக்கு அப்ப நல்ல கிராக்கி. நகலும் அப்பதான் வந்து குவிஞ்சுது.”

மாமாவின் முகத்தில் வழக்கு ஜெயித்த களை.

“விசாரணை போதுமா, டெஸ்? எண்பதுகள்ல நான் இந்த வீட்லயே இல்ல. பாஸ்டன்ல சட்டம் படிச்சிட்டிருந்தேன். அப்பாகூட இங்க இருந்தது உங்கம்மாதான். அப்ப வித்தது யாரு? அந்தக் காசு எங்க போச்சு? இதுக்குப் பதில் வரல, வீட்ல பாதி கேட்டு கோர்ட்டுக்குப் போறேன்.”

திபோ தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். அடுத்தவர் குடும்பச் சண்டையும் அவருக்குப் பழகிப்போனதுதான் போல.

அம்மா நாற்காலியில் பாரமாக உட்கார்ந்தாள்.

“வித்தது அப்பா. உனக்குத் தெரிஞ்சா நீ படிப்பையே விட்டுட்டு வந்துடுவேன்னு, வாங்கினவன்கிட்டயே ஒரு நகலைக் கேட்டு வாங்கி அதே இடத்துல நிறுத்தினாரு. என்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கிட்டாரு.”

மாமா குனிந்து தகட்டிலிருந்த பள்ளங்களைப் பார்த்தார்.

“காசு எங்க போச்சுன்னு கேட்டியே, உன் முதல் வருஷக் கட்டணம் அதுதான். அடுப்பு உனக்குன்னு அப்பா எழுதினதுல தப்பில்லடா. அது என்னைக்கோ உன்கிட்ட வந்து சேர்ந்துடுச்சு.”