பன்றி விரட்டிய பாட்டு

“ஏலே ஆஸ்டினு, உம் பாட்டுக்குப் பன்னி பயந்து ஓடுதாம்லே!”

சொல்லிவிட்டு உக்கிரபாண்டி டீ கிளாசைக் கீழே வைத்துச் சிரித்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவன். மூன்று வருஷம் முன்பு வரை ஆஸ்டினுக்கு டிரம்ஸ் அடித்தவன்.

“என்னலே சொல்லுத?”

“மம்சாபுரத்துல பேச்சிமுத்துன்னு ஒரு பெரியவர். மலையடிவாரத்துல மக்காச்சோளம் போட்டிருக்காரு. காட்டுப்பன்னி வந்து அழிக்குது, பயங்கரமா ஒரு சத்தம் மெமரி கார்டுல ஏத்திக் குடுன்னாரு. உன் பாட்டை ஏத்திவிட்டுட்டேன். மூணு மாசமாச்சு. வேற சத்தம் வேணும்னு மனுசன் இந்தப் பக்கமே வரல!”

டீக்கடையில் நாலு பேர் சிரித்தார்கள். ஆஸ்டின் சிரிக்கவில்லை.

அந்தப் பாட்டு இருபத்திரண்டு நிமிடம். வார்த்தையே கிடையாது. டூம் மெட்டல் என்று பெயர். கிதார் இசையில் ஆக மெதுவானது, ஆகக் கனமானது. ஓர் அடி விழுந்தால், அடுத்த அடி விழுவதற்குள் ஒன்பது எண்ணிவிடலாம்.

அந்த ஒன்பது, அவன் அப்பா இறந்த அன்று சர்ச்சில் அடித்த துக்கமணியின் இடைவெளி. அடியில் ஓடும் இரைச்சல், அவன் வேலை பார்க்கும் ராஜபாளையம் பஞ்சாலையின் இரைச்சல். பாட்டின் பெயர் ஒரு விண்கலத்தைப் பற்றியது. அந்த விண்கலம் பூமியை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. திரும்பி வராது. ஆனாலும் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து அவனுக்கு வானத்தைத் தவிர வேறு பேச்சு இல்லை. பேசினால் கேட்கத்தான் ஆள் இல்லை.

இணையத்தில் ஏற்றிப் பதினான்கு மாதம். அறுபத்தெட்டு தடவை ஓடியிருந்தது. அதில் நாற்பத்தொன்று அவனே போட்டது. மீதி இருபத்தேழில் ஒருவர்கூட நாலு நிமிடத்தைத் தாண்டவில்லை. அந்தக் கணக்கையும் இணையமே காட்டியது.

“ஞாயித்துக்கெழமையோட எல்லாத்தையும் அழிச்சிரப் போறேன். எங்கயும் மிச்சம் இருக்கக் கூடாது. அந்தக் கார்டையும் வாங்கிட்டு வாரேன்” என்றான் ஆஸ்டின்.

உக்கிரபாண்டியின் சிரிப்பு நின்றது.

“ஏலே, வெளாட்டுக்குச் சொன்னேன்லே...”

பைக் கிளம்பிவிட்டது.

மம்சாபுரம் தாண்டிச் சோளக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. வெயில் இறங்கவில்லை. பாதிச் சோளம் ஒடிந்து கிடந்தது. மண்ணை ஏர் ஓட்டியது போலக் கிளறிப் போட்டிருந்தன பன்றிகள்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குழாய் ஸ்பீக்கர் என்பதால் அடித்தொனி பாதி வரவில்லை. குழாயின் வாய் மலையைப் பார்த்து இல்லை. காவல் குடிசையைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது.

குடிசை வாசலில் பேச்சிமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தோளில் கிடக்க வேண்டிய துண்டு மடியில் கிடந்தது. தலை குனிந்திருந்தது.

“ஐயா, செல் கடையில இருந்து வாரேன். அந்தக் கார்டு...”

பேசாமல், உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ஆஸ்டின் உட்கார்ந்தான். பாட்டில் இன்னும் பதினேழு நிமிடம் இருந்தது. இன்னொரு மனிதன் பக்கத்தில் இருக்க, அது கடைசி அடி வரை ஓடியது அன்றைக்குத்தான்.

முடிந்ததும் பெரியவர் நிமிர்ந்தார்.

“இப்பச் சொல்லு தம்பி.”

“கார்டை வாங்கிட்டு வரச் சொன்னாக. வேற சத்தம் ஏத்தித் தாரோம். புலிச் சத்தம் இருக்கு.”

“வேண்டாம்.”

“இதுக்குப் பன்னி ஓடுதாக்கும்?”

“நாலு நாள் ஓடுச்சு. அஞ்சாம் நாள் குட்டியும் குடும்பமுமா வந்து, பாட்டைக் கேட்டுக்கிட்டே தின்னுட்டுப் போச்சு.”

ஆஸ்டின் ஒடிந்து கிடந்த சோளத்தைப் பார்த்தான். பாட்டு பன்றி விரட்டக்கூட உதவவில்லை.

“பொறவு எதுக்குய்யா போடுதீக? அதுவும் பட்டப்பகல்ல?”

பெரியவர் மடித் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எம் பொஞ்சாதி கருத்தம்மா போன தையில போயிட்டா. பதினாறு நாளும் எம்பக்கத்துல யாராவது ஒரு ஆளு உக்காந்திருந்தாக. பேச மாட்டாக. சும்மா உக்காந்திருப்பாக. துட்டி வீட்டுல அழுறவன ஒத்தையில விடக் கூடாதுல்லா?”

“ஆமாய்யா.”

பேச்சிமுத்து ஸ்பீக்கரைக் காட்டினார்.

“இவன் யாரு, எந்த ஊருன்னு தெரியாது. மொதத் தடவ போட்டப்பவே தெரிஞ்சுபோச்சு, இது பன்னி வெரட்டுற சத்தமில்ல. எவனோ அழுதான். அம்புட்டு நேரம் அழுதான், ஏன்னு கேக்க பக்கத்துல ஒரு நாதி இல்ல. பாதியில அமத்திட்டு எந்திரிக்க மனசு வரல தம்பி. அதான் தெனமும் ஒரு தடவ, முடியிற மட்டும் அவங்கூட உக்காந்திருக்கேன்.”